எட்டாவது மூட்டை

அன்று ஹடப்சர் பட்டறையில் இருந்தவர்கள் ஆறு பேர். பம்புகளோடு முப்பத்தெட்டு வருஷம் வாழ்ந்து ஓய்வு பெற்ற விஸ்வேஸ்வரன். அவர் மனைவி சாவித்ரி. அவர்கள் பெண் ப்ரீதி, அந்தப் பட்டறையில் இன்ஜினியர். ப்ரீதியின் மாமனார் ஸ்ரீநிவாசன், ராணுவக் கட்டட இலாகாவில் மின்சாரப் பிரிவு சூப்பிரண்டாக இருந்தவர். பட்டறை முதலாளி ஜோகளேகர். தாபோடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் ஃபிட்டர் துரைசாமி. வாசலில் ஒரு நாய் படுத்திருந்தது. வேறு யாரும் இல்லை.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் கிளம்பிய பேச்சில், அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்கள்கூடக் கண்ணால் பார்த்ததாகச் சாட்சி சொன்னார்கள்.

1998, பிப்ரவரி மாதம், ஞாயிற்றுக்கிழமை. பக்கத்து ஷெட்டுகள் எல்லாம் மூடியிருக்கும், மின்சாரம் ஆடாமல் அசையாமல் வரும் என்றுதான் ஞாயிறைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்கள் அளக்க வேண்டியிருந்தது மின்சாரத்தை. கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக மாற்ற, ஆயிரம் லிட்டருக்கு எத்தனை யூனிட் செலவாகும்? கேள்வி அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு எண்ணுக்குக் கீழே விஸ்வேஸ்வரன் கையெழுத்துப் போட வேண்டும்.

ராமநாதபுரம் ஜில்லாவில் கடலை ஒட்டி ஒரு மீனவர் ஊர். கிணறெல்லாம் உப்பு. வாரத்துக்கு மூன்று நாள் லாரியில் தண்ணீர் வரும். அந்த ஊருக்கு மணிக்கு இரண்டாயிரம் லிட்டர் நல்ல தண்ணீர் தரும் சின்ன ஆலை ஒன்றை ஜோகளேகரிடம் குடிதண்ணீர் இலாகா கேட்டிருந்தது. கூடவே ஒரு நிபந்தனை. ஊர்க்கோடி வரை போகும் மின்கம்பி பதினான்கு கிலோவாட்டுக்கு மேல் தாங்காது. அதாவது ஆயிரம் லிட்டருக்கு ஏழு யூனிட். அதற்கு மேல் போகாது என்று, பெயர் தெரிந்த ஒரு பெரிய இன்ஜினியர் எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். முடியாதென்றால் ஆலை கிடையாது. லாரிதான்.

பெயர் தெரிந்த பெரிய இன்ஜினியருக்கு ஜோகளேகர் வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. விஸ்வேஸ்வரன் கையெழுத்திட்ட பம்பு, சொன்னதைவிடக் குறைத்துத் தண்ணீர் கொடுத்தது என்று முப்பத்தெட்டு வருஷத்தில் ஒரு புகார் வந்ததில்லை. ஓய்வுக்குப் பிறகும் அவரைத் தேடிக்கொண்டு ஔந்தில் இருந்த அவர் வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள்.

அவர் ஒரு வாரம் உட்கார்ந்து கணக்குப் போட்டார். எட்டு யூனிட் என்று வந்தது.

ப்ரீதியும் போட்டாள். ஆறரை.

இந்த வித்தியாசம் முதலில் வெடித்தது ஔந்த் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில். பெண் தன் காகிதத்தை அவர் காகிதத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். சாவித்ரி கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எட்டாப்பா?"

"எட்டுதான்."

"எனக்கு எப்படிப் போட்டாலும் ஆறரைக்கு மேல வரமாட்டேங்கறது."

"நீ போட்டது காகிதத்துல இருக்கற கடல். அங்க இருக்கறது நிஜக் கடல்."

ப்ரீதி அவர் கணக்கைப் படித்தாள். அடிப்படை இருவருக்கும் ஒன்றுதான். கடல் தண்ணீரைச் சதுர சென்டிமீட்டருக்கு அறுபத்தைந்து கிலோ அழுத்தத்தில் மெல்லிய சவ்வுகளின் மேல் தள்ள வேண்டும். ஐயாயிரம் லிட்டரைத் தள்ளினால் இரண்டாயிரம் நல்ல தண்ணீராக மறுபக்கம் கசியும். மீதி மூவாயிரம், அத்தனை அழுத்தத்தையும் வாங்கிக்கொண்டு, உப்பு இன்னும் கூடி வெளியேறும். அந்த மூவாயிரத்தின் வேகத்தைத் திரும்பப் பிடிக்கச் சக்கரம் வைப்பது பெரிய ஆலைகளுக்குக் கட்டும், இவ்வளவு சின்னதுக்குக் கட்டாது. ஆக, இரண்டைப் பெற ஐந்துக்கு உழைக்க வேண்டும். பம்பு கொஞ்சம் தின்னும், மோட்டார் கொஞ்சம் தின்னும். கடலிலிருந்து இழுக்க, மணலில் வடிக்க, தொட்டிக்கு ஏற்ற என்று ஒரு யூனிட் போகும். இதில் சண்டைக்கு இடமே இல்லை.

"இங்க பாருங்கோ," என்றாள் ப்ரீதி. "அழுத்தத்துல நூத்துக்கு ஏழு சேர்த்திருக்கேள். பம்புல ஒரு ஏழு. கடைசியில மொத்தத்துக்கும் இன்னொரு ஏழு. மூணு பேர் வந்து மூணு தடவை உப்புப் போட்ட ரசம் மாதிரி இருக்கு."

"என் ரசத்தை எதுக்குடி வம்புக்கு இழுக்கறே?" என்றாள் சாவித்ரி.

"குறைஞ்சு போனா யார் பதில் சொல்றது?" என்றார் விஸ்வேஸ்வரன். "சேர்க்கத்தான் சேர்ப்பேன். நம்மாத்துல அப்படித்தான்."

அந்த வீட்டில் அப்படித்தான். எதை அளந்தாலும் அளந்து முடித்தபின் மேலுக்கு ஒரு பிடி. அரிசியானாலும் சரி, காப்பிப்பொடியானாலும் சரி, பெண் கல்யாணத்துக்குப் பாதுஷாவானாலும் சரி. வேறு வீடுகளிலும் இப்படிச் செய்வார்கள், ஆனால் விஸ்வேஸ்வரன் வீட்டில் அது ஒரு விரதம் மாதிரி. 1951இல் அவருடைய அக்கா கல்யாணத்தில் கடைசிப் பந்தியில் பிள்ளைவீட்டார் உட்கார்ந்தபோது சாம்பார் தீர்ந்துவிட்டது. இலை போட்டபடி முக்கால் மணி நேரம் அத்தனை பேர் காத்திருந்தார்கள். அவருடைய அப்பா அந்த முக்கால் மணி நேரமும் சமையற்கட்டு வாசலில் கைகட்டி நின்றார். யாரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை. பதினைந்து வயசுப் பையனாக விஸ்வேஸ்வரன் அதைப் பார்த்தார். அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் எவர் கையாலும் எதுவும் குறைந்ததில்லை. அது சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் பந்தியில் காத்திருந்து பார்த்ததில்லை.

ஆனால் எட்டு என்று எழுதினால் ஊருக்கு ஆலை இல்லை. ஆறரை என்று எழுதி எட்டாகிவிட்டால் அவர் பெயர் இல்லை. அப்பாவும் பெண்ணும் இரண்டு நாள் பேசிக்கொள்ளாததைப் பார்த்து ஜோகளேகர்தான் வழி சொன்னார். ஆலையின் முக்கிய பாகம் ஹடப்சரில் தயாராக நிற்கிறது. ஒரு கடலைச் செய்து, ஓட்டிப் பார்த்துவிடலாம்.

"கடலைச் செய்யறதா?" என்றாள் சாவித்ரி.

"உப்பு வாங்கி, தண்ணீரில் கரைத்தால் கடல், வஹினி," என்றார் ஜோகளேகர் ஹிந்தியில்; வஹினி என்றால் அவர் பாஷையில் அண்ணி. "அலை மட்டும் என்னால் முடியாது."

மீட்டரை யார் படிப்பது என்று கேள்வி வந்தது. ப்ரீதி படித்தால் அவள் கட்சி, அப்பா படித்தால் அவர் கட்சி, ஜோகளேகர் படித்தால் வியாபாரம். மூன்றாம் மனிதர் வேண்டும். மின்சாரம் தெரிந்தவராக, நாணயத்தில் சந்தேகம் இல்லாதவராக.

"உங்கள் சம்பந்தி இருக்கிறாரே," என்றார் ஜோகளேகர், வெகு சாதாரணமாக.

விஸ்வேஸ்வரனுக்கு அது பிடிக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. ஸ்ரீநிவாசனைவிட நாணயமான மனிதர் கிர்க்கீயிலிருந்து கண்டோன்மென்ட் வரை கிடையாது. கர்னல் வீட்டு மீட்டரையும் காவல்காரன் வீட்டு மீட்டரையும் ஒரே முகத்தோடு படித்தவர். ஆனால் சம்பந்தி சம்பந்திதான். அவர் எதிரில் பெண் தோற்றால் அவமானம். அப்பா தோற்றால் அதைவிட அவமானம். இரண்டில் ஒன்று நடக்கத்தான் போகிறது.

விஷயம் கேட்டதும் ஸ்ரீநிவாசன் ஃபோனிலேயே சிரித்தார். "தாராளமா வரேன் சம்பந்தி. உங்காத்துக் கல்யாணத்துல மிஞ்சின பாதுஷாவை எங்காத்துல பத்து நாள் சாப்பிட்டோம். யூனிட்டும் அப்படித்தான் மிஞ்சறதான்னு பார்த்துடுவோம்."

"மிஞ்சினா பரவாயில்லை சம்பந்தி. குறைஞ்சாத்தான் தப்பு," என்று சொல்லி விஸ்வேஸ்வரன் ஃபோனை வைத்தார்.

சனிக்கிழமை கடல் தயாரானது. பட்டறையின் பின்பக்கம் பதினைந்தாயிரம் லிட்டர் கொள்ளும் சிமென்ட்டுத் தொட்டி. உட்சுவரில் ஆயிரம் லிட்டருக்கு ஒரு பெரிய கோடும் நடுவில் ஐந்நூறுக்கு ஒரு சின்னக் கோடுமாக மஞ்சள் பெயிண்டில் போட்டிருந்தது. பத்தாயிரம் வரை கார்ப்பரேஷன் தண்ணீர் பிடித்தார்கள். ப்ரீதி ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். கடலில் ஆயிரம் லிட்டருக்கு முப்பத்தைந்து கிலோ உப்பு உண்டு. ஆனால் அது பலவகை உப்பு. வெறும் சாப்பாட்டு உப்பைக் கரைக்கும்போது முப்பத்திரண்டு கிலோவே கடலளவு அழுத்தம் கேட்கும். ஆகவே மொத்தம் முந்நூற்றிருபது கிலோ. ஐம்பது கிலோ மூட்டையில் ஆறு மூட்டை, இருபது கிலோ.

உப்பின் அளவைக் காட்டும் கருவி கெட்டுப்போய் ரிப்பேருக்குப் போயிருந்தது. மூட்டையை எண்ணினால் போதும், மூட்டை பொய் சொல்லாது என்றார் ஜோகளேகர்.

உப்பு வாங்கப் போன துரைசாமியிடம் மளிகைக் கடைக்காரர் ஊறுகாய்க் கம்பெனியா என்று கேட்டாராம். கடல் செய்யப் போகிறோம் என்று இவன் சொன்னதும், இதுவரை கொடுக்காத தள்ளுபடியைக் கொடுத்து, பயபக்தியோடு அனுப்பி வைத்தாராம்.

கரைக்கும் பொறுப்பு விஸ்வேஸ்வரனுடையது. துரைசாமி மூட்டையைப் பிரித்துக் கொட்டினான், அவர் நீளக் கழியால் கலக்கினார். ஆறு மூட்டை ஆயிற்று. ஏழாவதில் இருபது கிலோ போதும். ஆனால் பிரித்த மூட்டையைப் பாதியில் நிறுத்துவானேன்?

"முழுசாப் போடு," என்றார்.

துரைசாமி போட்டான். விஸ்வேஸ்வரன் தொட்டியை ஒரு தரம் பார்த்தார். பத்தாயிரம் லிட்டர் தண்ணீர் வெள்ளை வெயிலில் தளும்பிக்கொண்டிருந்தது. அவ்வளவு தண்ணீருக்கு ஏழு மூட்டை என்பது என்னவோ கண்ணுக்குப் போதவில்லை.

"மேலுக்கு இன்னொண்ணு போட்டுடு துரைசாமி."

துரைசாமி கையிலிருந்த சீட்டை ஒரு தடவை பார்த்தான். பிறகு எட்டாவது மூட்டையையும் பிரித்தான். விஸ்வேஸ்வரன் கழியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கையைக் கழுவினார். அதைப் பற்றி அப்புறம் அவர் நினைக்கவே இல்லை. சாதத்துக்கு அரிசி களையும்போது மேலுக்கு ஒரு பிடி போட்டதை யார் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்?

ஞாயிறு காலை எட்டரைக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். ஸ்ரீநிவாசன் முழுக்கைச் சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா, கையில் ஒரு நீல நோட்டுப் புத்தகம். சாவித்ரி இரண்டு கூடைகளோடு வந்து, ஷெட்டின் மூலையில் ஸ்டவ்வை வைத்து இடம் பிடித்தாள். ஆறு பேருக்கு அவள் கொண்டுவந்த புளியோதரை பத்துப் பேருக்குக் காணும்.

எல்லா பம்புகளும் ஒரே மின்சார மீட்டரில். வெளியே வரும் நல்ல தண்ணீருக்கு ஒரு தண்ணீர் மீட்டர். அளந்த தண்ணீரும் மீதி உப்புத் தண்ணீரும் மறுபடி தொட்டிக்கே போய்விடும், கடலும் குறையாது. ஒரு மணி நேரம் ஓட்ட வேண்டும், இரண்டாயிரம் லிட்டர் வர வேண்டும். அழுத்தத்தை அதற்கேற்ப ஏற்றிக்கொள்ளலாம்.

ஒன்பது மணிக்கு ஜோகளேகர் ஒரு தேங்காயை உடைத்தார். துரைசாமி ஸ்விட்சைப் போட்டான். பம்பு முதலில் இருமி, பிறகு சீராகப் பாடத் தொடங்கியது. ப்ரீதி வால்வைப் பிடித்துக்கொண்டு அழுத்தமானியின் முள்ளைப் பார்த்தபடி நின்றாள். ஐம்பது. அறுபது. அறுபத்தைந்தில் தண்ணீர் மீட்டரைப் பார்த்தாள். மணிக்கு ஆயிரத்து அறுநூறு கணக்கில்தான் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் திருகினாள். எழுபது. எழுபத்துநான்கில்தான் இரண்டாயிரம் வந்தது.

"எவ்வளவும்மா?" என்று ஸ்ரீநிவாசன் இயந்திரச் சத்தத்துக்கு மேல் கேட்டார்.

"எழுபத்துநாலு, மாமா."

"நீ சொன்னது?"

"அறுபத்தஞ்சு."

அவர் நோட்டில் எழுதிக்கொண்டார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அந்த முகத்தை விஸ்வேஸ்வரன் அதுவரை பாராட்டித்தான் பேசியிருக்கிறார். இப்போது அதைப் பார்க்க எரிச்சலாக இருந்தது.

பத்து அடித்ததும் ஸ்ரீநிவாசன் இரண்டு மீட்டர்களையும் படித்தார். கழித்தார். வகுத்தார். மறுபடி கழித்து, மறுபடி வகுத்தார்.

"பதினாலு புள்ளி எட்டு யூனிட். இரண்டாயிரம் லிட்டர். ஆயிரத்துக்கு ஏழு புள்ளி நாலு."

பம்பு நின்றுவிட்டதால் அந்த எண் ஷெட் முழுக்கக் கேட்டது. ஏழுக்கு மேல். ஜோகளேகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

விஸ்வேஸ்வரனுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அதை மறைத்துச் சொல்வதில் லாபமில்லை. நிஜக் கடல் என்று சொன்னேனா இல்லையா? பெண் சொன்னதற்கும் இதற்கும் கிட்டத்தட்ட ஒரு யூனிட் தூரம். தன் எட்டு அதைவிடப் பக்கம். நெஞ்சு தானாக நிமிர்ந்தது. பிறகுதான் ப்ரீதியைப் பார்த்தார். அவள் வால்விலிருந்து கையை எடுக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு முள் திரும்பி விழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்ரீநிவாசன் மருமகளிடம் போய், "பரவாயில்லை குழந்தே. முதல் தடவைதானே," என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் மாமனார் வாயிலிருந்து ஒரு பெண்ணுக்குப் 'பரவாயில்லை' வந்தால் பெண்ணைப் பெற்றவருக்கு அது எங்கே போய்க் குத்தும் என்பதைப் பெற்றவர்கள்தான் அறிவார்கள்.

விஸ்வேஸ்வரன் காற்று வாங்குகிறவர் மாதிரி பின்பக்கம் நடந்தார். தொட்டிக்கருகில் துரைசாமி காலிச் சாக்குகளை உதறி, மடித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தான். தாபோடி வீட்டில் அவன் மனைவிக்கு வேர்க்கடலை காயப்போட உதவும் என்று ஜோகளேகரிடம் கேட்டு வாங்கியிருந்தான். வேறு பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாததால் விஸ்வேஸ்வரன் அடுக்கை எண்ணினார்.

மறுபடி எண்ணினார்.

"துரைசாமி, எத்தனை சாக்கு?"

"எட்டு ஸார்."

"சீட்டுல எத்தனை?"

துரைசாமி மடிப்பதை நிறுத்தினான். "ஆறு, அப்புறம் இருபது கிலோ ஸார்."

"நேத்தே ஏன்யா சொல்லலை?"

"நீங்கதானே ஸார் போடச் சொன்னீங்க. பெரியவங்க சொல்றாங்க, அதுல ஏதாவது கணக்கு இருக்கும்னு விட்டுட்டேன்." அவன் குரலைத் தாழ்த்தினான். "நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன் ஸார்."

சொல்லவும் மாட்டான். விஸ்வேஸ்வரனுக்கு அது நன்றாகத் தெரியும். அவர் சும்மா திரும்பி உள்ளே போகலாம். ஏழு புள்ளி நாலு என்பது ஸ்ரீநிவாசன் நோட்டில் ஏறிவிட்டது. விஸ்வேஸ்வரன் சொன்னதுதான் சரி என்று ஊர் சொல்லும், பெண் கற்றுக்கொண்டாள் என்று சொல்லும், ஜோகளேகருக்கு வேறு வேலை வரும். ராமநாதபுரத்து ஊருக்கு வழக்கம்போல லாரி வரும். லாரி வராத நாட்களில் குடத்தோடு காத்திருப்பார்கள்.

காத்திருப்பார்கள் என்பதில் அவர் மனசு நின்றது. இலை போட்டபடி காத்திருந்த பந்தி கண்ணில் வந்தது. மேலுக்கு ஒரு பிடி போட்டதே யாரும் காத்திருக்கக் கூடாது என்றுதான். இப்போது அந்தப் பிடியாலேயே ஓர் ஊர் காத்திருக்கப் போகிறது. இதற்கு மேல் யோசிக்க அவருக்கு ஒன்றும் இருக்கவில்லை. வேஷ்டியாக இருந்தால் இழுத்துக் கட்டியிருப்பார், பேன்ட்டாக இருந்ததால் பெல்ட்டை ஒரு தடவை சரிசெய்துகொண்டார். எட்டுச் சாக்கையும் தன் கையாலேயே தூக்கிக்கொண்டு ஷெட்டுக்குள் நடந்தார்.

சாவித்ரி ஓடிவந்தாள். "ஏன்னா, இதென்ன கோலம்? சட்டையெல்லாம் உப்பு!"

அவர் சாக்குகளை ஸ்ரீநிவாசன் காலடியில் வைத்தார். "எண்ணுங்கோ சம்பந்தி."

ஸ்ரீநிவாசன் குனிந்து எண்ணினார். "எட்டு."

"ப்ரீதி எழுதிக் கொடுத்தது ஆறு மூட்டையும் இருபது கிலோவும். எட்டு போட்டது நான். துரைசாமி பேரில் தப்பில்லை. அவன் சீட்டைப் பார்த்தான், நான் பார்க்கலை. நீங்க படிச்சது கடல் இல்லை. கடலுக்கு மேலே ஒரு பிடி."

ஜோகளேகருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் சாக்கும், தன் நெஞ்சைக் காட்டிய விஸ்வேஸ்வரனின் விரலும் போதுமாக இருந்தன. அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

ப்ரீதி ஏற்கெனவே ஓர் அட்டையின் பின்பக்கம் எழுத ஆரம்பித்துவிட்டாள். "நானூறு கிலோ. ஆயிரம் லிட்டருக்கு நாப்பதா விழுந்திருக்கு. முப்பத்திரண்டுக்கு இறங்கணும்னா…" நிமிர்ந்தாள். முகத்தில் வெளிச்சம் வந்திருந்தது. "பன்னண்டாயிரத்து ஐந்நூறு லிட்டர் இருக்கணும்ப்பா. இன்னும் இரண்டாயிரத்து ஐந்நூறு நல்ல தண்ணி. தொட்டி தாங்கும்."

"குழாயில தண்ணி வரதா?" என்று விஸ்வேஸ்வரன் கேட்டார்.

"பன்னண்டு மணி வரைக்கும் வரும் ஸார்," என்றான் துரைசாமி.

ஸ்ரீநிவாசன் சாக்குகளைப் பார்த்தார், சம்பந்தியைப் பார்த்தார். என்ன சொல்லப்போகிறாரோ என்று சாவித்ரி அவர் முகத்தையே பார்த்தாள். அவர் பேனாவைத் திறந்து நோட்டில் எழுதி, எழுதியதை எல்லோருக்கும் கேட்கப் படித்தார்: "முதல் ஓட்டம். உப்பு நானூறு கிலோ. ஏழு புள்ளி நாலு." பிறகு நோட்டை மூடி, "வாங்கோ சம்பந்தி. ஹோஸை நீங்க பிடியுங்கோ, கோட்டை நான் பார்க்கறேன். உங்களைத் தனியா விட்டா தொட்டி நிறைஞ்சு ஹடப்சரே முழுகிடும்," என்றார்.

சாவித்ரிதான் முதலில் சிரித்தாள். விஸ்வேஸ்வரனுக்கும் சிரிப்பு வந்தது, வெகு சிக்கனமாக.

குழாயில் தண்ணீர் விரல் தடிமனில்தான் வந்தது. இரண்டு கிழவர்களும் தொட்டி ஓரத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தார்கள். ஒருவர் கையில் ஹோஸ், இன்னொருவர் கண் மஞ்சள் கோட்டில். முதலில் கார்ப்பரேஷனைத் திட்டினார்கள். பிறகு பாதுஷாவைப் பற்றிப் பேசினார்கள். அன்று பாதுஷா உண்மையில் நன்றாகத்தான் இருந்தது என்று ஸ்ரீநிவாசன் நாலு வருஷம் கழித்து முதன்முறையாக ஒப்புக்கொண்டார். பத்து நாள் சாப்பிட்டதற்கு அதுதான் காரணம் என்றும் சொன்னார்.

பன்னிரண்டாயிரத்தைத் தாண்டி, சின்னக் கோட்டை நெருங்கும்போது இருவரும் முன்னால் குனிந்தார்கள். தண்ணீர் கோட்டின் கீழ் விளிம்பைத் தொட்டது. மேல் விளிம்பைத் தொட்டது.

"போதும்," என்றார் ஸ்ரீநிவாசன்.

விஸ்வேஸ்வரனின் கை ஒரு கணம் அப்படியே நின்றது. அறுபத்திரண்டு வயசுக் கை, அதற்கு வேறு பழக்கம் கிடையாது. பிறகு ஹோஸைத் தூக்கி வெளியே போட்டார். தண்ணீர் சிமென்ட்டுத் தரையில் ஓடி நாயை எழுப்பியது.

துரைசாமி கால்மணி நேரம் கலக்கினான். பன்னிரண்டேகாலுக்கு மறுபடி பம்பு பாடியது. ப்ரீதி வால்வைத் திருகினாள். ஐம்பது. அறுபது. அறுபத்தைந்துக்கு ஒரு முடி மேலே முள் நின்றது, தண்ணீர் மீட்டர் இரண்டாயிரத்துக்கு ஓடியது. அவள் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவர் வேறெங்கோ பார்ப்பதுபோல் நின்றார், ஆனால் முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒண்ணேகாலுக்கு ஸ்ரீநிவாசன் படித்தார். கழித்தார், வகுத்தார், மறுபடி வகுத்தார்.

"பதிமூணு புள்ளி ஒண்ணு யூனிட். ஆயிரத்துக்கு ஆறு புள்ளி அஞ்சு அஞ்சு." நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே சேர்த்துக்கொண்டார்: "எங்காத்து மாட்டுப்பொண் ஆறரைன்னா. அஞ்சு பைசா வித்தியாசம். அதைக்கூட என் கண்ணாடியோட தப்புன்னு வெச்சுக்கலாம்."

எங்காத்து என்று அவர் சொன்னதை விஸ்வேஸ்வரன் கவனித்தார். வேறு நாளாக இருந்தால் திருத்தியிருப்பார். அன்று விட்டுக்கொடுத்தார்.

சாவித்ரி ஒரு குவளையை நீட்டி, கடலிலிருந்து வந்த தண்ணீரைப் பிடித்து ஸ்டவ்வில் ஏற்றினாள். டிகாஷன் வீட்டிலிருந்தே வந்திருந்தது, வெந்நீர் மட்டும் கொஞ்சம் விளாவினாள். ஜோகளேகர் ஒரு வாய் குடித்து, நாக்கைச் சுழற்றி, "லேசாக உப்பு இருக்கிறது வஹினி," என்றார்.

"அது தண்ணியில இல்லை," என்றாள் சாவித்ரி. "இவர் கையைக் கழுவாம டம்ளரை எடுத்துக் கொடுத்தார்."

சாப்பிட்டு முடிந்ததும் ஜோகளேகர் உத்தரவாதக் காகிதத்தை மேஜையில் வைத்தார். எல்லா வரியும் டைப் அடித்திருந்தது, எண்ணுக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. விஸ்வேஸ்வரன் பேனாவைத் திறந்தார்.

"ஆறு புள்ளி எட்டு," என்றார்.

ஸ்ரீநிவாசன் புருவத்தைத் தூக்கினார்.

"ஒரு பிடி," என்றார் விஸ்வேஸ்வரன். "மூணு இடத்துல இல்லை. கடைசியில, ஒரே இடத்துல."

"அது வேணும் மாமா," என்றாள் ப்ரீதி. "சவ்வு பழசாக ஆக அழுத்தம் கொஞ்சம் கூடத்தான் கேட்கும். நானும் அவ்வளவுதான் வெச்சிருப்பேன்."

அவர் எண்ணை எழுதி, கீழே கையெழுத்தைப் போட்டார். போட்டுவிட்டு, கணக்கிட்டவர் என்ற வரியைக் காட்டி, "இங்க நீ போடு," என்று பேனாவைப் பெண்ணிடம் கொடுத்தார். அந்த வரியில் அதுவரை ஒவ்வொரு காகிதத்திலும் அவர் பெயர்தான் இருந்திருக்கிறது. ப்ரீதி போட்டாள். துரைசாமி எட்டுச் சாக்கையும் மிச்சப் புளியோதரையையும் எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினான்.

மறுவருஷம் ஆலை கடற்கரையில் ஓடியது. இலாகாக்காரர்கள் மூன்று நாள் அளந்தார்கள். ஆறு புள்ளி ஏழு. அந்தத் தகவல் வந்த தபால் அட்டையை சாவித்ரி சுவாமி அலமாரியில் வைத்திருக்கிறாள்.

இவ்வளவும் ஒழுங்காக முடிந்த பிறகு, ராஸ்தா பேட்டில் ஒரு கல்யாணப் பந்தியில் யாரோ கிளப்பிவிட்டார்கள். சம்பந்தி எதிரில் பெண் தோற்றுவிடுவாள் என்று பயந்து, மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்த சமயம் பார்த்து, விஸ்வேஸ்வரன் யாருக்கும் தெரியாமல் தொட்டியில் நல்ல தண்ணீரைக் கலந்து எண்ணைக் குறைத்தார் என்று. ஔந்தில் இன்றைக்கும் சிலர் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

அது பொய். தண்ணீர் விட்டது மத்தியானம் அல்ல, காலையில், பதினொன்றே முக்காலுக்குள். சாப்பாடு ஒன்றரைக்குத்தான். ஆறு பேரும் அங்கேதான் இருந்தார்கள். ஹோஸைப் பிடித்தவர் விஸ்வேஸ்வரன், கோட்டைப் பார்த்தவர் ஸ்ரீநிவாசன். விட்டது இரண்டாயிரத்து ஐந்நூறு லிட்டர். மேலுக்கு ஒரு சொட்டு கிடையாது.